பழைய வண்டியின் பிரேக் பைப்: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பதும், ஃப்ளேர் செய்து மாற்றுவதும்

வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே ஓடும் வண்டிகளுக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டால், அவை எங்கள் பட்டறைக்கு வரும் காரணங்களில், ஆயிலைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பிரேக் பைப்பின் துரு முன்னால் நிற்கிறது. கடற்காற்று மட்டும் இதற்குக் காரணமன்று. மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகி வழியும் உப்பு நீர், பலகையின் இடுக்கு வழியாக இறங்கி, சேசிஸின் ஓரமாகச் செல்லும் பைப்பின் மேல் நாள்தோறும் சொட்டுகிறது. வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தேங்கும் நீரில் ஓடிய வண்டிகளின் அடிப்பாகத்தில் ஒட்டும் சேறு, பொங்கல் கழிந்த பிறகும், பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் உட்புறம் ஈரமாகவே இருக்கிறது.

பழைய ஆம்னி, மாருதி 800, அம்பாசடர், சிறிய சரக்கு வண்டிகள் ஆகியவற்றை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அம்பாசடரும் மாருதி 800-உம் 2014-இலும், ஆம்னி 2019-இலும் உற்பத்தி நிறுத்தப்பட்டவை. வளைத்துத் தயாராக வரும் பைப் எல்லா அளவிலும் எல்லாக் கடையிலும் இப்போது கிடைப்பதில்லை. ஆகவே நேர் பைப்பை வாங்கி, வளைத்து, முனையை ஃப்ளேர் செய்து, அதாவது நட்டுக்குள் அமரும்படி விரித்து, பொருத்தும் வேலை மீண்டும் மீண்டும் வருகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளுக்கு இது போதாது. அவற்றில் ஏர் எடுக்கவே, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றவே, தனிக் கருவி தேவைப்படலாம்.

வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுத்தும் படுக்கக் கூடாது, அது எச்சரிக்கை தராமல் நொறுங்கும். சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரும்பு ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்கிய பிறகே அடியில் செல்லுங்கள். பிரேக் ஆயில் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெயின்ட்டின் மேல் பட்டால் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

அறிகுறி: பெடலை மிதித்தபடியே இருந்தால் மெல்லக் கீழே இறங்குகிறது

வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். பெடலின் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜினைக் கிளப்பும்போது பெடல் சற்று இறங்கி நிற்பது இயல்பு. நின்ற இடத்திலிருந்து மேலும் தொடர்ந்து இறங்குவதே பழுது.

ஆயிலும் குறைகிறது என்றால்: கசிவு வெளியில் இருக்கிறது. முதலில் பிரேக் ஆயில் டப்பாவின் அடியையும், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு ஏற்றும் மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளையும் வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். பிறகு நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும், ரப்பர் ஓஸ்கள் பைப்போடு சேரும் இடங்களையும், கடைசியாகப் பைப் முழுவதையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இரவில் நான்கு சக்கரத்துக்கும் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைப்பது எளிய சோதனை. மழைக்காலத்தில் வண்டியிலிருந்து தண்ணீரும் சொட்டும் என்பதால் குழப்பம் வரலாம். காலையில் காகிதத்தை வெயிலில் வைத்தால் தண்ணீர் பட்ட இடம் காய்ந்துவிடும், பிரேக் ஆயில் பட்ட இடம் காயாமல் வழவழப்பாகவே இருக்கும்.

ஆயில் குறையவில்லை என்றால்: பைப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, அழுத்தம் உள்ளுக்குள்ளேயே திரும்பி வழிகிறது. கிட், அதாவது வாஷர்களை மட்டும், மாற்றிப் பார்க்கலாம் என்று பலர் கேட்பார்கள். உள்சுவரில் கோடு விழுந்திருந்தால் புது வாஷரும் சில மாதங்களில் கிழியும். அந்த நிலையில் முழு மாஸ்டர் சிலிண்டரையே மாற்றுவதுதான் என் வழக்கம்.

அறிகுறி: ஆயில் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள், அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

செலவில்லாத காரணம் பிரேக் பேட் தேய்வு. டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் அளவு இறங்கும். மாதக்கணக்கில் மிக மெல்ல இறங்கினால் பேட்டின் கனத்தைப் பாருங்கள். ஒரு வாரத்தில் விரல் அளவு இறங்கினால் அது பேட் அன்று.

அடுத்தது டிரம் பிரேக்கில் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டர். அது டிரம்முக்குள்ளேயே கசிந்து பிரேக் ஷூவில் ஊறிவிடும்; வெளியில் தெரிய வெகுநாள் ஆகும். டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் இரு பக்கத்து ரப்பர் மூடியையும் ஸ்குரூடிரைவர் முனையால் சற்றே தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் லேசாகப் பூத்திருந்தால் கண்காணிக்கலாம், வழிந்தால் மாற்ற வேண்டும். ஆயில் ஊறிய ஷூவைத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது. அதையும் மாற்ற வேண்டும், இரு பக்கமும் ஒருசேர.

பூஸ்டர் உள்ள வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க வாஷர் கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கிவிடும். மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரிலிருந்து சற்றே நகர்த்தி, இடையில் விரலை விட்டுத் தொட்டால் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் கிளிப்புக்கு அடியில் இருக்கும் பைப்பைப் பார்க்க வேண்டும். சென்ற மழைக்காலம் முடிந்த கையோடு மீன் ஏற்றும் ஓட்டுநர் ஒருவர் வந்தார். "அண்ணே, ஆயில் ஊத்திக்கினே இருக்கேன், எங்க போவுதுன்னே தெரியல" என்றார். அவர் வண்டியின் பைப் கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் நன்றாகவே இருந்தது. பின் ஆக்சிலுக்கு முன்னால் இருந்த கிளிப் ஒன்றைச் சுற்றிச் சேறு கட்டியிருந்தது; மற்ற இடங்களில் சேறு வெளுத்துக் காய்ந்திருக்க, அங்கே மட்டும் கை அகலத்துக்குக் கறுத்துப் பிசுபிசுத்தது. கிளிப்பைக் கழற்றியதும் பைப்பின் மேல்தோல் மரப்பட்டைபோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே எஞ்சியிருந்த இரும்பில் ஊசி முனை அளவுகூட இல்லாத ஒரு குழி. பெடலை மிதிக்கச் சொன்னேன், அந்தக் குழியில் ஒரு முத்து ஆயில் மெல்லத் திரண்டது, காலை எடுத்ததும் அங்கேயே நின்றது. கசிந்த ஆயில் முழுவதையும் சேறு குடித்துவிட்டதால்தான் தரைக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

ஆகவே கிளிப்புகளை ஒன்றுவிடாமல் கழற்றிப் பாருங்கள். தார் போன்ற அடிப்பூச்சு பூசிய வண்டியென்றால் பூச்சு உப்பியிருக்கும் இடங்களைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பூச்சு துருவைத் தடுப்பதைவிட மறைப்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: பெடல் ஒரேயடியாகத் தரைவரை போய்விட்டது

பைப் வெடித்திருக்க வாய்ப்பு மிகுதி. ஓடும்போது நிகழ்ந்தால் பெடலை விரைவாகத் திரும்பத் திரும்ப மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுத்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளில் இயங்குவதால் ஆயில் போனாலும் வேலை செய்யும். ஆயில் இரண்டு தனி வழிகளில் போகும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டியில் ஒரு சுற்று போனாலும் மற்றது பிடிக்கும், பெடல் வெகு கீழே போய் நிற்கும், நிற்கும் தூரம் நீளும். ஒற்றை மாஸ்டர் சிலிண்டர் உள்ள பழைய வண்டிகளில் ஒன்றுமே மிஞ்சாது.

பாதி பிரேக் இருக்கிறதே, பட்டறைவரை ஓட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்தப் பாதி போதாது. வண்டியைக் கட்டி இழுப்பதும் ஆபத்து, பின்னால் வரும் வண்டிக்கு பிரேக் வேண்டுமல்லவா. தூக்கிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

அறிகுறி: பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது

இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் உயர்ந்து கெட்டியாக நின்றால்: பின் டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. ஷூவை அட்ஜஸ்ட் செய்தால் தீர்ந்துவிடும். செலவே இல்லாத இந்த வேலையைச் செய்யாமல் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியவர்கள் பலர்.

எத்தனை முறை மிதித்தாலும் பஞ்சாகவே இருந்தால்: லைனில் காற்று இருக்கிறது. காற்று தானாக உள்ளே போவதில்லை. ஆயில் ஒரு முறை வற்றியிருக்க வேண்டும், அல்லது எங்கோ கசிவு இருக்க வேண்டும். ஏர் எடுத்துவிட்டு, ஒரு மாதத்தில் மீண்டும் பஞ்சானால் மேலே சொன்ன கசிவுச் சோதனைக்குத் திரும்புங்கள்.

ஏர் எடுத்தும் தீரவில்லை என்றால்: ஒருவர் பெடலை அழுத்தும்போது மற்றவர் ரப்பர் ஓஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். பழைய ஓஸ் அழுத்தத்தில் உப்புவது கைக்குத் தெரியும். வெள்ள நீரில் நின்ற வண்டிகளில், குறிப்பாக அந்த நீரில் எண்ணெய் கலந்திருந்தால், ரப்பர் ஊறி மென்மையாகிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு ஓஸ்களை இன்னும் மாற்றாதவர்கள் உடனே மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: துரு தெரிகிறது, கசிவு இல்லை

பைப்பில் துரு என்றாலே மாற்ற வேண்டும் என்பதில்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் துடையுங்கள். செம்பழுப்புத் தூள் துணியில் வந்து, அடியில் பைப் வழவழப்பாகவும் உருண்டையாகவும் இருந்தால் அது மேல்துரு. துடைத்துக் காயவைத்து, துத்தநாகப் பெயின்ட் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பார்த்துவந்தால் போதும். விரல் நகத்தை ஓட்டும்போது குழிகள் தட்டுப்பட்டாலோ, செதில் செதிலாக உரிந்தாலோ, கனம் குறைந்தது கண்ணுக்கே தெரிந்தாலோ மாற்ற வேண்டும். ஏனெனில் அந்தப் பைப்பின் சுவர் மொத்தமே ஏறக்குறைய 0.7 மி.மீ.தான், அதில் குழி விழுந்தால் மிச்சம் காகிதக் கனம். அவசரத்தில் அழுத்தி மிதிக்கும்போது 70 முதல் 100 பார் வரையிலும் அதற்கு மேலும் உண்டாகும் அழுத்தத்தை அந்தக் காகிதம்தான் தாங்க வேண்டியிருக்கும். தினசரி மெதுவாக ஓட்டும்போது தாங்கிய பைப், குழந்தை குறுக்கே ஓடிவரும் அந்த ஒரு மிதியில் வெடிப்பது இதனால்தான்.

கசியும் இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாமா என்று கேட்பார்கள். நான் செய்வதில்லை. ஓர் இடத்தில் ஓட்டை விழுந்த பைப்புக்கு மற்ற இடங்களிலும் அதே வயது, அதே உப்பு. ஒரு ஜாயிண்டிலிருந்து அடுத்த ஜாயிண்ட்வரை முழுத் துண்டாக மாற்றுவதே நிற்கும்.

ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் போடும் செம்புப் பைப்பைப் போட்டு, ஃபெருல் என்னும் கவ்வு வளையம் வைத்து நட்டால் இறுக்கிக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அப்படி ஒட்டுப்போட்ட வண்டி ஒன்றை நான் திறந்தபோது, ஃபெருல் பைப்பைவிட்டு அரை அங்குலம் நழுவி, இன்னும் இரண்டு மிதியில் முழுதும் வெளியே வரும் நிலையில் இருந்தது. அந்த வண்டியில் தினமும் ஆறு பள்ளிப்பிள்ளைகள் போய்வந்துகொண்டிருந்தார்கள். வெறும் செம்பு அதிர்வில் இறுகி, நாளடைவில் வெடிப்பு விடும். எளிதில் வளைகிறது, துருப்பிடிக்காது என்பதெல்லாம் உண்மையே ஆனாலும் பிரேக்குக்கு அது ஆகாது. துருவுக்கு அஞ்சுபவர்கள் பிரேக்குக்கென்றே செய்த செம்பு நிக்கல் கலப்புப் பைப்பை வாங்கலாம்; விலை கூடுதல், கடலோரத்தில் அது தரும் ஆயுளும் கூடுதல்.

கழற்றும்போது: நட் அசையவில்லை, பைப்பும் சேர்ந்து சுற்றுகிறது

சாதாரண ஓப்பன் ஸ்பேனரை எடுக்காதீர்கள். நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிப்பதால் முனை மழுங்கிவிடும். பைப்பை உள்ளே விட ஒரு பிளவு மட்டும் வைத்து, நட்டைச் சுற்றிலும் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் வேண்டும். ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் பெரும்பாலும் 10 மி.மீ., அம்பாசடர் போன்ற ஆங்கிலேய வழி வண்டிகளில் 7/16 அங்குலம்.

முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை நட்டின் அடியில், பைப் நுழையும் இடத்தில் விட்டு ஊற விடுங்கள். மறுநாள் சிறு சுத்தியால் நட்டின் பக்கங்களில் மெதுவாகத் தட்டி, முதலில் சற்றே இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். ஓஸின் பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்க மறந்தால் ஓஸ் முறுக்கிக்கொள்ளும்.

நட்டோடு பைப்பும் சுற்றினால், அந்தப் பைப்பை எப்படியும் மாற்றப்போகிறோம் என்றால், நட்டை ஒட்டிப் பைப்பை வெட்டிவிட்டு, ஆறு மூலை ரிங் சாக்கெட்டைப் போட்டுக் கழற்றலாம். பைப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று போராடி மாஸ்டர் சிலிண்டரின் மரையைக் கெடுத்துக்கொள்வதைவிட இது மேல். ரப்பர் ஓஸ் அருகில் இருக்கும் நட்டையும், ஆயில் கசிந்த இடத்தையும் கேஸ் தீயால் சுடக் கூடாது. பிரேக் ஆயில் தீப்பற்றும். நட் மாஸ்டர் சிலிண்டரிலேயே முறிந்து உள்ளே சிக்கிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், அது லேத் பட்டறைக்காரரின் வேலை.

கழற்றிய பைப்பைத் தூக்கி எறியாதீர்கள். வளைவுகள் கலையாமல் வைத்திருந்தால் அதுதான் புதுப் பைப்புக்கு அச்சு.

புதுப் பைப்பை வாங்குவதும் ஃப்ளேர் போடுவதும்

இந்த வண்டிகளில் பெரும்பாலும் 3/16 அங்குலம், அதாவது 4.75 மி.மீ. வெளி விட்டமுள்ள இரட்டைச் சுவர் இரும்புப் பைப். பண்டி பைப் என்றே கடையில் கேட்கலாம். பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனால் கழற்றிய பைப்பும் மலிவாகக் கிடைக்கும்; கதவும் கண்ணாடியும் அங்கே வாங்குங்கள், பிரேக் பைப்பைப் பழையதாக வாங்காதீர்கள்.

நட்டை வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு செல்லுங்கள். பல வண்டிகளில் எம்10 (10 மி.மீ. கனம்), ஒரு மி.மீ. இடைவெளி மரை இருக்கும், ஆங்கிலேய வழி வண்டிகளில் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. இந்த 3/8 நட் 9.5 மி.மீ. கனமே உள்ளது, மரையும் ஏறத்தாழ அதே நெருக்கம். ஆதலால் எம்10 துளையில் தடையின்றி உள்ளே போகும், இறுகியதுபோலவும் தோன்றும், ஆனால் அழுத்தம் வந்தால் மரையைப் பிடுங்கிக்கொள்ளும். கையால் ஏற்றும்போது நட் தொளதொளவென்று ஆடினால் அது தவறான நட்.

ஃப்ளேரிலும் இரண்டு வகை உண்டு. நட்டைக் கழற்றிய துளைக்குள் டார்ச் அடியுங்கள். உள்ளே கூம்பு ஒன்று மேல்நோக்கி நின்றால் அங்கே இரட்டை ஃப்ளேர், அதாவது எக்காளத்தின் வாய்போல் விரிந்து, விளிம்பு உள்ளே மடிந்த முனை வேண்டும். உள்ளே புனல்போல் பள்ளம் இருந்தால் காளான் தலைபோன்ற பபுள் ஃப்ளேர் வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டு முறுக்கினால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. ஒற்றை ஃப்ளேர், அதாவது விளிம்பை மடிக்காமல் வெறுமனே விரித்துவிடுவது, பிரேக்கில் எந்த வண்டிக்கும் ஆகாது.

பைப்பை ஹேக்ஸா பிளேடால் அறுக்காமல் சக்கரக் கட்டரால் வெட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிதளவே இறுக்க வேண்டும், அவசரப்பட்டால் வாய் உள்ளே ஒடுங்கிவிடும். வெட்டிய முனையின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் சீவி, மெல்லிய அரத்தால் வெளிப்பக்கம் சற்றே சரிவு கொடுத்து, தூளைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். நான் இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் ஃப்ளேர் வெடிப்பது பெரும்பாலும் சீவாத விளிம்பிலிருந்துதான் தொடங்குகிறது. இப்போதே நட்டைச் சரியான திசையில் பைப்பில் கோத்துவிடுங்கள்.

பைப்பைக் கவ்விப் பிடிக்கும் ஃப்ளேரிங் கட்டையின் 3/16 துளையில், சரிவு வெட்டிய பக்கம் முனை வரும்படி பைப்பை வையுங்கள். வெளியே நீட்டும் உயரம், முனைக்கு உருக்கொடுக்கும் சிறு அச்சான டையில் அந்த அளவுக்குரியதன் தோள் (அகன்ற விளிம்பு) எவ்வளவு கனமோ அவ்வளவு. டையைத் தலைகீழாக அருகில் நிறுத்தி அளந்துகொள்ளலாம். கட்டையைப் பைப் நழுவாதபடி இறுக்கி, முனையில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவி, டையைப் பைப்பின் வாயில் வைத்து, திருகைச் சீராக இறக்கி, தோள் கட்டையைத் தொட்டதும் நிறுத்துங்கள். இந்நிலையில் முனை குமிழ்போல் உப்பியிருக்கும். இரட்டை ஃப்ளேர் வேண்டுமானால் டையை எடுத்துவிட்டு, அதே கட்டையில் கூம்பை நேராக இறக்குங்கள்; விளிம்பு உள்நோக்கி மடிந்து படியும்வரை மட்டும் போதும், அதற்கு மேல் நசுக்கினால் இரும்பு மெலிந்துவிடும்.

முதல் ஃப்ளேரை வண்டியில் போடாதீர்கள். துண்டுப் பைப்பில் ஐந்தாறு போட்டுப் பழகி, கை பதிந்த பிறகே நீளமான பைப்பைத் தொடுங்கள். ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள்: விளிம்பு சுற்றிலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், துளை நடுவில் இருக்க வேண்டும், மடிப்பின் மேல் தலைமயிர் போன்ற கோடும் தெரியக் கூடாது. அப்படி ஒரு கோடு தெரிந்தால் இன்று கசியாவிட்டாலும் அது வெடிப்பே. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடுங்கள். இதற்காகவே பைப்பை இரண்டு அங்குலம் கூடுதலாக வாங்க வேண்டும்.

வளைவுகளைப் பைப் பெண்டரால் போடுங்கள். கையால் மடக்கினால் பைப் நசுங்கும். ஃப்ளேருக்கு மிக அருகில் வளைவு வைத்தால் நட் நகர இடமிருக்காது. சைலன்சரிடமிருந்தும் ஆக்சில் ஏறி இறங்கும் பாதையிலிருந்தும் தள்ளி, பழைய பைப் போன வழியிலேயே கொண்டு செல்லுங்கள், எல்லா கிளிப்பையும் திரும்பப் போடுங்கள். கிளிப் இல்லாமல் தொங்கும் பைப் அதிர்விலேயே முறியும். கிளிப்பின் உள்ளே கிரீஸைச் சிறிது தடவினால் உப்பு நீர் தேங்காது.

அறிகுறி: புது ஃப்ளேர் போட்ட இடத்திலேயே கசிகிறது

உடனே மேலும் இறுக்கத் தோன்றும், ஆனால் அது கூடாது. இந்த நட்டுக்கு 15 நியூட்டன் மீட்டர் அளவிலான இறுக்கம் போதும். சிறிய ஸ்பேனரை ஒரு கையால், உடம்பின் எடையைப் போடாமல் இழுத்தாலே வந்துவிடும்.

முதலில் நட்டைத் தளர்த்தி, பைப்பை நேராக நிறுத்தி, மீண்டும் கையால் முழுதும் ஏற்றிய பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். இப்படித் தளர்த்தி இறுக்குவதை ஒருமுறை இருமுறை செய்தாலே ஃப்ளேர் இருக்கையில் படிந்து கசிவு நிற்பதுண்டு. நிற்காவிட்டால் கழற்றி ஃப்ளேரின் முகத்தைப் பாருங்கள். கூம்பு பதிந்த வளையத் தடம் சுற்றிலும் சமமாக விழுந்திருந்தால் ஃப்ளேர் நல்லது, துளைக்குள் அழுக்கோ கீறலோ இருக்கிறது. தடம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் ஃப்ளேர் கோணலாகிவிட்டது, வெட்டி மறுபடி போட வேண்டும். தடமே இல்லாவிட்டால் ஃப்ளேர் வகை தவறு, அல்லது நட் அடிவரை போகவில்லை.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். இங்கே ஆயிலை அடைப்பது மரை அன்று, ஃப்ளேரின் முகம். டேப்பால் பயனில்லை, அதன் நூல் உள்ளே போனால் சிலிண்டரின் சிறு துளை அடைபடும். ஃப்ளேர் இரண்டு முறை நன்றாக விழுந்தும் கசிந்தால், துளையின் கூம்பு கெட்டுவிட்டது என்று பொருள். அந்த ஜாயிண்டையோ ஓஸையோ சிலிண்டரையோ மாற்ற வேண்டும்.

அறிகுறி: மாற்றிய பிறகு வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, சக்கரம் சூடாகிறது

வளைவில் பைப் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், ஓடிவந்ததும் சூடான சக்கரத்தின் ஏர் நிப்பிளை (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகை) சற்றே திறந்து பாருங்கள். ஆயில் பீறிட்டு, சக்கரம் உடனே விடுபட்டால் ரப்பர் ஓஸின் உட்புறம் வீங்கி அடைத்திருக்கிறது. வெளியில் அழகாக இருந்தாலும் மாற்றுங்கள்.

ஏர் எடுத்தலும் சோதித்துப் பார்த்தலும்

வண்டியின் குறிப்பேட்டில் உள்ள டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலைப் புது டின்னிலிருந்து ஊற்றுங்கள். இந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் கடலோரக் காற்றில் மூடி திறந்து கிடந்த பாதி டின்னை நான் பயன்படுத்துவதில்லை. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 வரை இறங்கிவிடும். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர்கள் எல்லாம் ஊதிவிடும்.

முன் இரண்டும் ஒரு சுற்று, பின் இரண்டும் ஒரு சுற்று என்றிருந்தால், மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தொலைவில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வர வேண்டும். ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கத்துப் பின் சக்கரமும் ஒரு சுற்றாக வரும் குறுக்குச் சுற்று வண்டிகளில் குறிப்பேட்டின் வரிசையே சரி. உதவிக்கு இருப்பவரிடம் "மிதி", "புடி", "விடு" என்று மூன்றே சொற்களைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அவர் மிதித்துப் பிடித்திருக்கும்போதே நிப்பிளைத் திறந்து மூட வேண்டும்; அது திறந்திருக்கும்போது அவர் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே ஏறிவிடும். டப்பா இடையில் வற்றக் கூடாது.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் முழு பலத்தோடு பெடலை ஒரு நிமிடம் அழுத்தியிருக்க, மற்றவர் புதுநட் ஒவ்வொன்றிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். ஐந்து முறை இப்படிச் செய்யுங்கள். பெடல் அசையாமல், காகிதம் காய்ந்தே இருந்தால், ஆளில்லாத தெருவில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். அதன் பிறகு சற்று வேகம். மறுநாள் காலையிலும், ஒரு வாரம் கழித்தும் அதே காகிதச் சோதனை.

எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும்

பிரேக்கில் இதுவரை கை வைக்காதவர் முதல் முறை அனுபவமுள்ள மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். சேசிஸே துருத்துக் கிளிப் பிடிக்க இடமில்லாத வண்டி, மரை கெட்ட மாஸ்டர் சிலிண்டர், சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் பின்பக்க லோடு வால்வு இறுகிப்போன வண்டி, இரண்டு முறை ஏர் எடுத்தும் கெட்டியாகாத பெடல் ஆகிய நான்கிலும் வீட்டில் மேலும் முயல வேண்டாம்.

பட்டறையில் விடும்போது, என்ன பைப் போடுகிறீர்கள், எங்கிருந்து எங்குவரை மாற்றுகிறீர்கள் என்று கேளுங்கள். ஒட்டுப்போடுவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கழற்றிய பைப்பைத் திருப்பித் தரச் சொல்லி, கிளிப் இருந்த இடத்தை நீங்களே விரலால் தடவிப் பாருங்கள். மறுபக்கத்துப் பைப்புக்கும் அதே வயது என்பதால், அந்தத் துண்டின் நிலையைப் பார்த்து அதையும் இப்போதே மாற்றலாமா, அடுத்த மழைக்கு முன் மாற்றலாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.